ஒரு மோட்டாருக்கு ரெண்டு காவல்

இங்கெ வேண்டாமுங்க, கேட்டுக்கிட்ட நின்னு பேசறது ஆகாது. அந்த செக்யூரிட்டி மூஞ்சிய அக்கட்டால திருப்பி வெச்சிருப்பான், காது மட்டும் இக்கட்டால இருக்கும். வாங்க, எதுத்தாப்புல பேக்கரில உக்காந்துக்கலாம். அந்தக் கடைசி டேபிளுங்க. செவுத்துப் பக்கம் நான் உக்காந்துக்கறேன், எனக்கு வாசல் தெரியணும். மாஸ்டர், ரெண்டு டீ! ஒண்ணு சக்கரை கம்மி.

நீங்க மாப்பிள்ளை ஊட்டுக்காரருன்னு பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. தொவச்ச வேட்டிய உடுத்திக்கிட்டு கம்பெனி போர்டை ஏற எறங்கப் பாத்துட்டு நின்னீங்க பாருங்க, சரக்கு வாங்க வர்றவன் அப்படி நிக்க மாட்டான். அப்புறம் செக்யூரிட்டிகிட்ட 'கோகிலவாணின்னு ஒரு பொண்ணு இங்கெ வேலை பாக்குதுங்களா'ன்னு கேட்டீங்க. நான் பின்னாலதான் நின்னுட்டு இருந்தேன். மாப்பிள்ளைக்குப் பெரியப்பாங்களா? தாராபுரமா? சரீங்க, சரீங்க. பொண்ணெடுக்கறதுக்கு முன்னால வேலை பாக்கற எடத்துல ஒரு வார்த்தை விசாரிக்கறது நாயந்தானுங்க. நல்லவேளை என்கிட்ட மாட்டுனீங்க. வேற யாராச்சும்னா ரெண்டு நல்ல வார்த்தை சொல்லி, டீயும் உங்க காசுலயே குடிச்சுட்டு அனுப்பிச்சு உட்டிருப்பாங்க.

என் பேரு திருமூர்த்திங்க. இந்தக் கம்பெனி ஒரு ஷட்டர் கடையா இருந்த காலத்துல இருந்து இருக்கறேன். தோட்டத்து மோட்டாருக்குப் போடற ஸ்டார்ட்டர் பொட்டி செய்யறோம். நீங்களும் வெவசாயந்தானுங்களே, பொட்டியப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தொறந்தா உள்ள பச்சையா ஒரு தகடு இருக்கும் பாத்திருப்பீங்க, அதைத்தான் நாங்க போர்டுங்கறது. அதுல எந்த சாமானம் எங்கெ உக்காரணும்னு வரையறது நானு. அதுக்கு நடுவுல மூளையாட்ட ஒரு சிப்பு இருக்கும், அதுல ஓடற ப்ரோக்ராமை, கோடுன்னு சொல்லுவோம், எழுதறது அந்த அம்மணி கோகிலவாணி. ஹார்டுவேர் நானு, சாப்ட்வேர் அவ. எங்க ரெண்டு பேத்துக்கும் அவ்வளவுதானுங்க சம்பந்தம்.

என்னங்க? ஓ, காங்கேயத்துல மோட்டார் எரிஞ்ச சங்கதியா? அது உங்க காது வரைக்கும் வந்துருச்சா! உங்க ஒரம்பரை, சொந்தக்காரரு ஒருத்தரு மோட்டாரும் அதுல போச்சா? அடக் கெரகமே. அதனால ஊட்ல பொம்பளைக 'மோட்டாரை எரிச்ச பொண்ணு, நாளைக்குக் குடும்பத்தை எப்படிப் பாக்கும்'னு பேசிக்கறாங்க, இல்லீங்களா? புரியுதுங்க. அந்தத் தப்பு அவளுதா இல்லையான்னு தெரிஞ்சாத்தான் மேற்கொண்டு தட்டு மாத்துவீங்க. இல்லைன்னா இங்கிருந்தே வேற எடம் பாக்கப் போயிருவீங்க.

சொல்றனுங்க. மறைக்காம சொல்றேன். ஆனா மொதல்ல இருந்து கேக்கணும். பாதில கேட்டீங்கன்னா நான் ஏதோ பொறாமைல பேசறேன்னு நெனச்சுக்குவீங்க.

அவ வேலைக்குச் சேந்த புதுசுங்க. ஒரு நாள் என் டேபிளுக்கு வந்தா. போர்டை எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா. ஒரு சாமானத்து மேல வெரலை வெச்சு, 'இது எதுக்குங்ணா?'ன்னா. ஏனுங்க, ஒரு போர்டுல நான் சும்மா எதையாச்சும் வெப்பனா? அது டைமருங்க. கரண்டு வந்த ஒடனே மோட்டார் ஓடக்கூடாது, கொஞ்ச நேரம் பொறுக்கணும், அதுக்கு. சொன்னேன். கேட்டுட்டு என்ன சொன்னாங்கறீங்க? 'அதைக் கோட்லயே எண்ணிக்கலாமுங்ணா, சிப்பு பாதி நேரம் சும்மாதானே இருக்குது'ன்னா. சும்மாதானே இருக்குதாம்! அவ சிப்பைத்தான் சொன்னா, இல்லைங்கலை. ஆனா சொல்றப்ப என்னையுமில்ல ஒரு பார்வை பாத்தா.

அப்பவே எனக்கு உள்ளுக்குள்ள ஒண்ணு ஓடுச்சுங்க. இவ சும்மா கேக்கலை, கணக்குப் போட்டுத்தான் கேக்கறான்னு.

அந்த நேரம் பாத்து வடக்க இருந்து ஒரு பெரிய ஆர்டர் வந்துச்சு. ஆயிரக்கணக்குல பொட்டி. ஆனா வெலை குறைக்கணும்ங்கறாங்க. மொதலாளி, சாமியப்பண்ணன், எங்க ரெண்டு பேத்தையும் கூப்புட்டு உக்கார வெச்சாரு. அவ சொன்னா, டைமரை எடுத்துரலாம், ஓல்டேஜ் பாக்கற சாமானத்தை எடுத்துரலாம், எல்லாத்தையும் கோடு பாத்துக்கும், ஒரு பொட்டிக்கு நூத்துச் சொச்சம் மிச்சமாகும்னு. மொதலாளி கண்ணு அப்படியே விரிஞ்சு போச்சு.

நான் உடலைங்க. 'ஏனுங்ணா, கோடு என்ன மழைத்தண்ணியா, சும்மா வர்றதுக்கு? இந்தப் புள்ளை மாசக்கணக்குல உக்காந்து எழுதற சம்பளம் செலவில்லையா? அதை டெஸ்ட் பண்ற நேரம் செலவில்லையா? கோடு பெருசாச்சுன்னா பெரிய சிப்பு வாங்கணும், அது செலவில்லையா?'ன்னு கேட்டேன். நல்லாத்தான கேட்டேன்? மொதலாளி சிரிச்சாரு. 'மூர்த்தி, நூறு பொட்டிக்குன்னா நீ சொல்றது சரிப்பா, சாமானத்தையே வாங்கிப் போட்டுட்டுப் போயிரலாம். ஆயிரமாயிரமாப் போறப்ப அது ஆகாது. சாமானம் பொட்டிக்குப் பொட்டி செலவு. கோடு ஒருக்கா எழுதற செலவுதான். எத்தனை பொட்டி வித்தா என்ன, அதே கோடுதான்'ன்னாரு.

அப்ப அவ என்ன பண்ணுனா தெரியுங்களா? எனக்காகப் பேசறா! 'இல்லீங்க சார், அண்ணன் சொல்றதுலயும் நாயம் இருக்குது. எல்லாத்தையும் கோட்ல செய்ய முடியாது. இடி மின்னலுக்குப் போட்டிருக்கற சாமானத்துல கை வெக்கவே கூடாது. அண்ணன் போட்டதுலயே அதுதான் முக்கியம்'ங்கறா. நான் கேட்டனா அவளைப் பேசச் சொல்லி? கேக்காம ஒருத்தர் நமக்குப் பரிஞ்சு பேசறாங்கன்னா என்னங்க அர்த்தம்? பின்னால பெருசா ஏதோ வருதுன்னுதான அர்த்தம்?

வந்துச்சுங்க. டீ ஆறுது, குடிங்க. சொல்றேன்.

ஒவ்வொண்ணா எடுத்தா. டைமர் போச்சு. ஓல்டேஜ் பாக்கறது போச்சு. ஒவ்வொண்ணு போறப்பவும் என் வாயில ஒரு பல்லு போற மாதிரி இருந்துச்சு. கடைசியா அந்த மூலைக்கு வந்தா.

அந்த மூலையப் பத்தி உங்களுக்குச் சொல்லோணும். போர்ல தண்ணி வத்திப் போச்சுன்னா மோட்டார் வெறுமனே சுத்தும், சூடேறி எரிஞ்சு போகும், உங்களுக்கே தெரியும். அதைக் கண்டுபுடிச்சு நிறுத்தறதுக்கு போர்டு மூலைல நான் ஒரு சின்ன சர்க்யூட் போட்டிருந்தேன். நான் சொந்தமா யோசிச்சுப் போட்டது. இந்தக் கம்பெனி பேரு வெளிய தெரிஞ்சதே அந்த மூலையாலதானுங்க. எனக்குக் கல்யாணம் ஆனது, ஊடு கட்டுனது எல்லாமே அந்த மூலை போட்ட சோறு. அதையும் எடுத்துரலாம்ங்கறா. 'மோட்டார் இழுக்கற கரண்டை சிப்பு எப்படியும் அளந்துட்டுத்தானுங்ணா இருக்குது, தண்ணி இல்லைன்னா அது கொறையும், கோடே நிறுத்திரும்'ங்கறா. மொதலாளி சரின்னுட்டாரு. என்னைய ஒரு வார்த்தை கேக்கலை.

அன்னைக்கு மத்தியானம் சாப்புடறப்ப பர்ச்சேஸ்ல இருக்கற பொன்னுதுரை சொல்றான், 'அடுத்தது மூர்த்தியண்ணனையும் கோட்ல எழுதீரலாம்'னு. டேபிளே சிரிச்சுது. அவ மட்டும் சிரிக்கலை. தலையக் குனிஞ்சு சோத்தைப் பெசஞ்சுட்டு இருக்கறா. சிரிக்கறவனக்கூட நம்பலாமுங்க. எல்லாரும் சிரிக்கறப்ப சிரிக்காம இருக்கறவங்க இருக்கறாங்க பாருங்க, அவங்க மனசுல என்ன ஓடுதுன்னு கண்டுபுடிக்கவே முடியாது.

எனக்குத் தூக்கம் போச்சு. சோறு எறங்கலை. ஊட்டுக்காரி, 'என்ன, யாரு மேல சந்தேகம் இப்ப?'ன்னா. அவளுக்கு அதே பேச்சு.

நான் என்ன பண்ணுனேன்னா... இது நமக்குள்ள இருக்கட்டுமுங்க. வரைபடத்துல அந்த மூலைய எடுத்துட்டேன். மொதலாளி பாத்தாரு, அவ பாத்தா, சரின்னாங்க. ஆனா போர்டு அடிக்கறதுக்குக் குடுத்ததுல எடுக்கலை. ஸ்டோர்ல பழைய சாமானம் நெறைய கெடந்துச்சு, புதுசா எதுவும் வாங்க வேண்டியதில்லை. சால்டரிங் பண்ற புள்ளைக நான் சொன்னா செய்வாங்க. 'அந்த மூலையும் போட்டுருங்க'ன்னேன், போட்டுட்டாங்க. அவ்வளவுதான்.

இது தப்பாங்க? நீங்களே சொல்லுங்க. பூட்டுப் போட்ட கதவுக்கு உள்ள தாழ்ப்பாளும் போட்டுக்கறதில்லையா? அவ கோடு நேத்து எழுதுனது. எங்காச்சும் முழிச்சுட்டு நின்னுருச்சுன்னா? மோட்டார் உங்களுது, எரிஞ்சா வயித்தெரிச்சலும் உங்களுது. அதுக்காக ஒரு காவலுக்கு ரெண்டு காவலாப் போட்டேன். அவகிட்ட எதுக்குச் சொல்லணும்? சொன்னா எடுத்திருப்பா. அவ எதையாச்சும் வெச்சிருக்கறாளா?

டேபிள் மேல வெச்சு ஓட்டிப் பாத்தோம், ஜோரா ஓடுச்சு. ஆர்டரு மொத்தத்துக்கும் போர்டு சால்டர் பண்ணி அடுக்கியாச்சு. அனுப்பறதுக்கு முன்னால தோட்டத்துல கொஞ்ச நாள் ஓட்டிப் பாக்கணும்னு காங்கேயம் பக்கம் நாலஞ்சு பேருக்கு மாட்டிக் குடுத்தோம். உங்க ஒரம்பரை அதுல ஒருத்தராட்ட இருக்குது.

உங்களுக்குத் தெரியுமே, மத்தியானத்துல அங்கெ ஓல்டேஜ் எப்படி ஆடும்னு. ஓல்டேஜ் எறங்குனா மோட்டார் இழுக்கறது மாறும். என் சர்க்யூட் ஒரு துளி உசாரானதுங்க. தண்ணி இல்லையாட்ட இருக்குதுன்னு நிறுத்திருச்சு. அது சரிதான, அது வேலைய அது செஞ்சுது. அவ கோடு என்ன பண்ணுச்சு? 'நான் நிறுத்தச் சொல்லலையே, நின்னு போயிருக்குதே, கரண்டு போயிட்டு வந்திருக்குமாட்ட'ன்னு நெனச்சுக்கிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணுச்சு. என்னுது மறுபடி நிறுத்துச்சு. அவளுது ஸ்டார்ட் பண்ணுச்சு. அந்த மத்தியானம் முழுக்க இதே லொள்ளு. மோட்டார் ஒவ்வொருக்கா கெளம்பறப்பவும் எத்தனை பங்கு கரண்டு இழுக்கும்? காயிலு தாங்குமா? எரிஞ்சுது. ரெண்டு பேரும் காப்பாத்தறோம் காப்பாத்தறோம்னு நின்னு, நடுவுல மோட்டார் போயிருச்சு.

இதுல என் தப்பு எங்கெங்க இருக்குது? நின்னதை எதுக்கு மறுபடி ஓட உடணும்? இன்னொருத்தர் நிறுத்திருப்பாங்கன்னு ஒரு ரோசனை வர வேண்டாமா அந்தக் கோட்டுக்கு?

சரி, அது தெரியாதுதான் அதுக்கு. வரைபடத்துல இல்லையே. அது வேற விசயம்.

எரிஞ்ச மோட்டாரைப் பூராவும் ஒரு டெம்போவுல ஏத்திக்கிட்டு நேரா கேட்டுக்கு வந்துட்டாங்க. ஒரு பொம்பளை வந்தாங்க, வெங்காயம் போட்டிருந்தாங்களாமா, தண்ணியில்லாமக் காஞ்சு போச்சுன்னு காஞ்ச வெங்காயத் தாளைக் கையில புடிச்சுட்டு நின்னாங்க. எனக்கு அவங்களைப் பாக்க முடியலைங்க. உள்ள போயிட்டேன். மொதலாளி கம்பெனி மொத்தத்தையும் நிறுத்தி வெச்சு அவளைத்தான் புடிச்சாரு. 'வரைபடம் க்ளீனா இருக்குது, சாமானம் கொறைவு, அப்ப உன் கோடுதான? படிச்ச புள்ளைன்னு உன்னைய நம்பித்தான எல்லாத்தையும் புடுங்குனேன்?' அத்தனை பேத்துக்கு முன்னால. அவ மொகம் செவந்து போச்சு. 'பாத்துட்டுச் சொல்றனுங்க சார்'னு மட்டும் சொன்னா.

எரிஞ்ச பொட்டிய எடுத்துட்டுப் போயி கதவைச் சாத்திக்கிட்டா. அப்புறம் ஒரு நாள் எல்லாரும் டீ குடிக்கப் போன நேரமாப் பாத்து என் டேபிளுக்கு வந்தா. போர்டை எனக்கு முன்னால வெச்சா. அந்த மூலைல வெரலை வெச்சா. 'இது எதுக்குங்ணா?'

'அது... சும்மா ஃபில்டருக்கு'ன்னேன். அவ என் மொகத்தையே பாத்தா. என்னத்தப் பாத்தாளோ. அப்புறம் 'சரிங்ணா'ன்னு சொல்லிப் போர்டை எடுத்துட்டுப் போயிட்டா. சரிங்ணாவாம்!

நேரா மொதலாளிகிட்டப் போறா. போச்சு, இன்னைக்கோட நம்ம சோலி முடிஞ்சுதுன்னு பையை எடுத்து வெச்சுட்டேன். மெய்யாலுமே எடுத்து வெச்சுட்டேனுங்க. அத்தனை போர்டையும் பிரிச்சு மேயணும், ஆர்டர் போயிரும், வரைபடத்துல ஒண்ணு போர்டுல ஒண்ணுன்னு தெரிஞ்சா சாமியப்பண்ணன் என்னை ஒரு நிமிசம் வெக்க மாட்டாரு. இந்த வயசுல எவன் வேலை குடுப்பான்? கண்ணாடிக் கதவு, பேசறது கேக்குது. 'கோட்லதான் தப்புங்க சார். மாத்திட்டேன். இனி வராது'ங்கறா.

கேட்டுக்கிட்டீங்களா? கோட்ல தப்பாம்! தானே சொல்றா!

அவரு கத்துன கத்து இந்த பேக்கரி வரைக்கும் கேட்டிருக்கும். அந்த வருச இன்கிரிமென்ட் அவளுக்கு இல்லைன்னுட்டாரு. 'மோட்டாரை எரிச்ச புள்ளை'ன்னு பேரு அன்னைக்கு வந்ததுதான். அதான் உங்க ஊரு வரைக்கும் வந்திருக்குது.

நான் நம்பலைங்க. என்னமோ இருக்குதுன்னு ஒரு பொட்டிய எடுத்து, அவ மாத்துன கோட்டோட ஓட உட்டு, வேணும்னே என் சர்க்யூட்டை நிக்க வெச்சுப் பாத்தேன். மோட்டார் நின்னுச்சு. அவ கோடு காத்திருந்துச்சு. என் சர்க்யூட் எவ்வளவு நேரம் புடிச்சு வெக்குமோ அவ்வளவு நேரமும் கையக் கட்டிக்கிட்டு நிக்குது. அது உட்ட பொறவு, ஓல்டேஜ் பாத்துட்டு, நெதானமா ஸ்டார்ட் பண்ணுது. மறுபடி மறுபடி பண்ணிப் பாத்தேன். அப்படியேதான். எனக்கு ஃபேன் அடியில வேர்த்துப் போச்சு. அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. எல்லாமே தெரிஞ்சிருக்குது. நான் போட்ட மூலைய எடுக்கச் சொல்லாம, நாலு வரி எழுதி அதுக்கு எடம் உட்டு வெச்சிருக்கறா. பைசா செலவில்லை. ஒரு போர்டைப் பிரிக்கலை. ஆர்டரும் போயிச் சேந்துருச்சு.

அப்ப ஏனுங்க சொல்லலை? அதைச் சொல்லுங்க நீங்க. தன் பேரு கெடுது, காசு போகுது, வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னாத் தீந்துது. சொல்லலையே! சும்மா இருப்பாங்களா யாராச்சும்? எதுக்கோ கையில வெச்சிருக்கறா. நான் சம்பளம் எச்சாக் கேக்கற அன்னைக்கு எடுத்து உடுவாளோ? என் சன்னல் ஓரத்து டேபிளு வேணுமோ? யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், ஒண்ணும் புடிபடலை.

அதுக்கப்புறம் பாத்தீங்கன்னா ஒரு நாள் டிப்பன் டப்பால சந்தகை கொண்டாந்து வெக்கறா. 'அம்மா பிழிஞ்சாங்கண்ணா, நீங்க கொஞ்ச நாளாச் சரியாவே சாப்புடறதில்லை'ன்னு. நான் சாப்புடறதை எதுக்குங்க இவ பாத்துட்டு இருக்கறா? அப்படியே செக்யூரிட்டிகிட்டக் குடுத்துட்டேன். அவன் தின்னுட்டு நல்லாத்தான் இருக்கறான், அது வேற.

இன்னும் கேளுங்க. மொதலாளி இப்ப இன்னும் வெலை கொறைக்கணும்னு சின்ன சிப்புக்கு மாறச் சொல்றாரு. போர்டு அதேதான், என் மூலையோட முன்னாலயே அடிச்சு அடுக்குனது. சின்ன சிப்புன்னா கோடையும் சுருக்கணும். 'அந்தக் காத்திருக்கற வேலை எதுக்கும்மா, அதை எடுத்துட்டா அதுல அடங்கிருமே'ங்கறாரு. அவ முடியாதுங்கறா. காரணம் கேட்டா சொல்ல மாட்டேங்கறா. 'அது இருக்கட்டுங்க சார், அதுல மட்டும் கை வெக்க வேண்டாம்'னு ஒரே புடி. அன்னைக்கும் திட்டு வாங்குனா. பாத்தீங்களா புடிவாதத்தை? ஆரம்பத்துல எதைப் பாத்தாலும் எடுத்துரலாம்ன புள்ளைங்க இது.

போதுமுங்களா? மோட்டார் எரிஞ்சது அவ தப்பான்னு கேட்டீங்க. ஊரறிய அவளேதான் ஒத்துக்கிட்டா, அதுக்கு மேல நான் என்ன சொல்ல? நல்லா யோசிங்க. இப்படி உள்ள ஒண்ணு வெச்சுக்கிட்டு வாயைத் தொறக்காத பொண்ணை ஊட்டுக்குள்ள கொண்டுட்டு வருவீங்களா? நாளைக்கு உங்க ஊட்ல எவனோ ஒருத்தன் பண்ணுன காரியம், நான் என்னையச் சொல்லலைங்க, எவனோ ஒருத்தன் பண்ணுன காரியத்தைத் தன் தலைல போட்டுக்கிட்டு, யாருக்கும் தெரியாமச் சரி பண்ணியும் வெச்சுட்டு, அவனுக்கே டிப்பனும் கொண்டாந்து குடுத்தான்னா, நீங்க அவளை என்னன்னு நெனைப்பீங்க?

எதுக்குங்க சிரிக்கறீங்க?

யாருக்குங்க போன் போடறீங்க? நான் சொன்னதை யாருகிட்டயும்... அட, பேசுங்க, பேசுங்க.

என்னங்க சொல்றீங்க? நாள் பாக்கச் சொல்லிட்டீங்களா! நான் இத்தனை சொல்லியுமா? ஏனுங்க, நான் அவளைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொன்னனா? எல்லாங் கேட்டுட்டு 'இப்படி ஒரு பொண்ணு கெடைக்கறதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும்'ங்கறீங்க. என்ன நாயமுங்க இது?

சரி, உங்க இஷ்டம். நான் சொல்றதைச் சொல்லிட்டேன். போயிட்டு வாங்க. கல்யாணம் எந்த மண்டபத்துல? அப்படியா. மாப்பிள்ளைக்கு வேலை எங்கெங்க, தாராபுரத்துலயேவா?

நொய்டாவா? டெல்லிக்கு அந்தப் பக்கமா?

அப்ப கல்யாணம் ஆன ஒடனே கூட்டிட்டுப் போயிருவாரா? அவ வேலைய உட்டுருவாளா? ஓ! அதுக்குத்தானா! இங்கிருந்து கெளம்பறதுக்குத்தான் இப்படி நல்ல பேரு... இல்லீங்க, நல்ல பேரு எங்கெ வாங்குனா, கெட்ட பேருதான வாங்குனா. இருங்க, எனக்கு ஒண்ணும் ஓடலை.

உக்காருங்க. ஒரு நிமிசம் உக்காருங்க, பஸ்ஸு அடுத்தது வரும். மாஸ்டர், இன்னொரு டீ!

அவ போயிட்டா அந்த எடத்துக்குப் புதுசா ஒருத்தன் வருவானுங்க. வந்தவன் மொதலாளி சொல்றதைக் கேப்பானா, அவ சொல்லிட்டுப் போனதைக் கேப்பானா? சின்ன சிப்புல அடங்கணும்னு அந்த நாலு வரியத்தான் மொதல்ல எடுப்பான். எடுத்தா மறுபடி மோட்டாரு எரியும். மறுபடி டெம்போவுல ஏத்திக்கிட்டு வருவாங்க. இந்தத் தடவை புதுப் பொட்டி ஆயிரக்கணக்குல போயிருக்குமுங்க, வடக்க பூராவும். அப்ப போர்டைத் தொறந்து பாப்பாங்க. கோட்லதான் தப்புன்னு சொல்றதுக்கு அங்கெ ஆள் இருக்காது.

ஏனுங்க, மாப்பிள்ளைய இங்கெ கோயமுத்தூர்லயே ஒரு வேலை பாத்துக்கச் சொல்லுங்களேன். இங்கெ இல்லாத கம்பெனியா? நான் வேணும்னா நாலு எடத்துல சொல்லி வெக்கறேன். இல்லை, கல்யாணத்துக்குப் பொறவு ஒரு வருசமாச்சும் அம்மணி இங்கெயே வேலைக்கு வரட்டும். நீங்க பெரியவங்க, சொன்னாக் கேப்பாங்க.

புதுசா வர்றவன்கிட்ட நானே சொல்லிக்கலாம்ங்கறீங்களா? என்னன்னு சொல்றது? அந்த வரிய எடுத்துராதே, நான் ஒண்ணு பண்ணி வெச்சிருக்கறேன்னா? அவன் மொதலாளிகிட்டப் போயி நின்னான்னா? பொன்னுதுரைகிட்டச் சொன்னான்னா? எவன் எப்படிப்பட்டவன்னு எனக்கென்ன தெரியும்? இல்லீங்க, அது ஆகாது. ஒருத்தனையும் நம்ப முடியாதுங்க இங்கெ. நம்பி ஒண்ணு சொல்லோணும்னா அந்த அம்மணிய உட்டா எனக்கு யாருங்க இருக்கறாங்க?